தோட்டாவுக்குள்ள என்ன இருக்கு? ஜமுனாமரத்தூர் கேம்ப்பில் கிளம்பிய கேள்விகள்

ஜமுனாமரத்தூர் பக்கம் என்எஸ்எஸ் கேம்ப் போய் வந்தவர்களிடம் "என்னடா பார்த்தீங்க?" என்று கேட்டால் பீமன் அருவி, காவலூர் டெலஸ்கோப், சாமைச் சோறு, மலைத்தேன் என்று ஒரு லிஸ்ட் வரும். இந்த முறை போனவர்கள் கூடவே ஒரு மூட்டை கேள்விகளையும் கொண்டுவந்தார்கள். ஜவ்வாது மலையைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி அடிபடுகிற ஒரு சொல் "நாட்டுத் துப்பாக்கி". அதைப் பற்றி அங்கே யாரோ பேச, நம்ம பசங்க ஆளுக்கொரு சினிமா அறிவை எடுத்துவிட, கடைசியில் யாருக்குமே சரியாகத் தெரியாது என்பதுதான் தெரிந்தது. மெக்கானிக்கல், கெமிக்கல், சிவில் என்று எல்லா டிபார்ட்மென்ட் சிலபஸும் கலந்த ஒரு விஷயம் இது. அதனால் உட்கார்ந்து பேசிவிடலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சினிமாவில் "ஆறு புல்லட் இருக்கு" என்பார்கள். பறந்து போகிற ஈயத் துண்டு மட்டும்தான் புல்லட், அதாவது குண்டு. துப்பாக்கிக்குள் நாம் போடுவது தோட்டா. அதில் நான்கு பொருள்கள் உண்டு: வெளியே பித்தளைக் கூடு, அடியில் சின்னதாக ஒரு கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு. விசையை இழுத்தால் ஒரு ஊசி கேப்பைத் தட்டும். கேப்பில் இருக்கும் துளி ரசாயனம் அடிபட்டதும் தீப்பொறி விடும். அந்தப் பொறியில் மருந்து எரியும், எரிந்து வாயுவாகும், அந்த வாயு குண்டைத் தள்ளும். கவனியுங்கள், மருந்து "வெடிப்பது" இல்லை, மிக வேகமாக எரிகிறது. வெடித்திருந்தால் துப்பாக்கியே சிதறிப்போகும்.

"காத்தே இல்லாத இடத்துல சுட முடியுமா?" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். முடியும். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் மருந்துக்குள்ளேயே வேதிப்பொருளாகக் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. நிலாவிலும் சுடும். (சந்திரயான் டீம் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.)

இப்போது அழுத்தத்துக்கு வருவோம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில். நம்ம ராணுவத்தின் இன்சாஸ் ரைபிளில் போடும் 5.56 மி.மீ. தோட்டாவுக்குள் உச்ச அழுத்தம் 3,500 பாருக்கும் மேல். ஆயிரக்கணக்கான குக்கர் ஒரு விரல் தடிமனுக்குள். அது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்து போய்விடும். இந்த வாயு பின்பக்கம் கசிந்தால் சுடுகிறவர் முகத்தில்தான் அடிக்கும். ஏன் அடிப்பதில்லை? பித்தளைக் கூட்டின் வேலை அது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, அழுத்தம் வந்ததும் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். குண்டு வெளியே போய் அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும். அதனால்தான் கூட்டை எளிதாக வெளியே இழுக்க முடிகிறது. மெட்டீரியல் சயின்ஸ் பாடத்தில் எலாஸ்டிக் ரெக்கவரி என்று இரண்டு மார்க்குக்குப் படித்தோமே, அதேதான்.

இந்தக் கூடு வருவதற்கு முன்னால் எப்படிச் சுட்டார்கள்? மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்தார்கள். 1857-இல் சிப்பாய்களுக்குக் கோபமூட்டிய என்ஃபீல்டு தோட்டா இரண்டுக்கும் நடுக்கட்டம். அளந்த மருந்தும் குண்டும் ஒரு காகிதச் சுருளுக்குள் இருக்கும். பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் தடவிய கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பதுதான் பிரச்சினை. ஹிஸ்டரி புக்கில் இதைப் படித்தபோது "தோட்டாவை ஏன்டா கடிக்கணும்?" என்று நமக்குப் புரியாமல் போனதற்குக் காரணம், பித்தளைத் தோட்டாவை மனதில் வைத்துக்கொண்டு படித்ததுதான்.

ஜவ்வாது மலையில் போலீஸ் பறிமுதல் செய்யும் நாட்டுத் துப்பாக்கி அந்த 1857-க்கும் முந்தைய வகை. ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து. செய்திகளில் "கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் சிக்கின" என்று சேர்த்தே எழுதுவார்கள். பால்ரஸ் என்றால் சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் இரும்பு உருண்டை. மலையில் இது ஏன் இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் காட்டுப்பன்றி. சாமையும் தினையும் மரவள்ளியும் போட்ட நிலத்தில் ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் புகுந்துவிட்டால் ஒரு பருவமே போச்சு. அந்த வலியைக் கீழே டவுனில் ஏசி ரூமில் உட்கார்ந்து கிண்டல் பண்ண நமக்கு உரிமை இல்லை. அதே சமயம், அந்தத் துப்பாக்கி என்ன மாதிரியான பொருள் என்று இன்ஜினியரிங் படிக்கிற நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஃபேக்டரி தோட்டா மூன்று வேலைகளைச் செய்கிறது. மருந்தை அளந்து தருகிறது, வாயுவை அடைக்கிறது, வேண்டாம் என்றால் வெளியே எடுத்துவிட வழி செய்கிறது. நாட்டுத் துப்பாக்கியில் இந்த மூன்றுமே கிடையாது. மூன்றாவதைத்தான் நான் அதிகம் பயப்பட வேண்டியதாக நினைக்கிறேன். லைசென்ஸ் துப்பாக்கியில் இருந்து தோட்டாவை இரண்டு நொடியில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். வாய் வழியாகக் கெட்டித்த துப்பாக்கியைக் காலி செய்ய இருக்கும் நடைமுறை வழி, சுடுவதுதான். ராத்திரி காவலுக்குப் போனவர் பன்றி வரவில்லை என்றால் என்ன செய்வார்? நிரப்பியது நிரப்பியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் சாத்திவிடுவார். மறுநாள் அது ஒரு குழந்தையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

அடுத்தது ஈரம். மலைப் பனியில் கரிமருந்து சுலபமாக நமுத்துப்போகும். விசையை இழுத்ததும் "டிக்" என்று மட்டும் கேட்கும், வெடிக்காது. உள்ளே ஒரு ஓரத்தில் நெருப்பு கனன்றுகொண்டிருந்து சில நொடி கழித்துச் சுடலாம். என்ன ஆச்சு என்று குழலை எட்டிப் பார்ப்பது மனித இயல்பு. என்சிசி-யில் இருக்கும் நண்பர்களைக் கேளுங்கள், ஃபயரிங் ரேஞ்சில் குண்டு வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு அசையாமல் கிட என்று உஸ்தாத் கத்துவதன் காரணம் இதுதான்.

குழல் வெடிப்பதற்கும் கணக்கு இருக்கிறது. உள்ளழுத்தம் தாங்கும் குழாயின் சுவரில் வரும் இழுவிசைத் தகைவு என்பது அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவர்த் தடிமனால் வகுத்தது. (தடித்த சுவருக்கு லாமே சமன்பாடு போட வேண்டும் என்று சிவில் நண்பர் திருத்துவார், சரிதான்.) வீட்டுத் தண்ணீர்க் குழாய் தாங்க வேண்டியது சில பார் அழுத்தம். 12 போர் தோட்டாவின் உச்ச அழுத்தம் 700 பாரை ஒட்டி வரும். கரிமருந்து அதைவிடக் குறைவுதான் என்றாலும் பல நூறு பார் வரை போகும். வெல்டிங் தையல் உள்ள ஏதோ ஒரு இரும்புக் குழாய் இதைத் தாங்கியது என்றால் அது அன்றைக்கு அதிர்ஷ்டம். நூறு தடவை தாங்கியது என்பது நூற்றியோராவது தடவைக்குச் சான்று ஆகாது. ஃபட்டீக் என்ற சொல்லைப் படித்துவிட்டு இதை மறக்கக் கூடாது. ஃபேக்டரியில் செய்த துப்பாக்கியை வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுச் சோதித்துத்தான் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத குழலில் அந்தச் சோதனையை, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, சுடுகிறவரே செய்கிறார்.

கரிமருந்துக்குப் புகை அதிகம், எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். 1884-இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கொண்டுவந்தார், சில வருடத்தில் பிரிட்டன் கார்டைட் என்று தன்னுடையதைச் செய்தது. ஊட்டி ரயிலில் போனவர்கள் குன்னூருக்கு மேலே அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருக்கும் கார்டைட் ஃபேக்டரி 1900-களின் தொடக்கத்தில் இருந்தே இந்த மருந்தைச் செய்கிறது. இப்போது அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வருகிறது. துப்பாக்கி செய்யும் திருச்சி ஃபேக்டரி வேறு நிறுவனத்தின் கீழ். கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்டால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"12 போர்னா 12 மில்லிமீட்டரா?" இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் சம அளவாக 12 உருண்டை பிடித்தால், ஒவ்வொன்றின் விட்டம் எவ்வளவோ அதுதான் அந்தக் குழலின் அளவு, சுமார் 18.5 மி.மீ. அதனால்தான் 16 போர் அதைவிடச் சின்னது. 303 என்பது அங்குலத்தில் 0.303. என்சிசி-யின் பாயின்ட் 22-வும் அதே மாதிரி. அந்தத் தோட்டாவில் தனி கேப் கிடையாது, அடி விளிம்புக்குள்ளேயே தீப்பொறி ரசாயனம் இருக்கும்.

சினிமாவில் குண்டு பட்டவர் பத்தடி தூரம் பறப்பார். இன்சாஸ் குண்டு 4 கிராம், வேகம் நொடிக்கு 900 மீட்டர் என்று வைத்தால் ஆற்றல் சுமார் 1,620 ஜூல். ஆள் ஏறிய டிவிஎஸ் எக்ஸெல் மணிக்கு 17 கி.மீ. வேகத்தில் போகும்போது உள்ள ஆற்றல் அது. ஆனால் உந்தம் வெறும் 3.6. 60 கிலோ ஆளின் உடம்பு அதனால் நொடிக்கு 6 சென்டிமீட்டர்தான் நகரும். பறக்க மாட்டார், விழுவார். கொல்வது தள்ளுவிசை இல்லை, சின்ன இடத்தில் இறங்கும் ஆற்றல்.

அந்த ஆற்றல் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் எல்லோருமே குறைத்து மதிப்பிடுகிறோம். சின்ன பாயின்ட் 22 குண்டே ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடும். ரைபிள் குண்டு மூன்று, நான்கு கிலோமீட்டர். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் சுடு பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனான். அது பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்று இருக்கும் இடத்தில், பட்டப்பகலில் சுட்டது. இருட்டில், புதர் அசைகிற சத்தத்தை மட்டும் நம்பிச் சுடுகிற நிலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வாய் மருந்தில் பல உருண்டைகள் பிரிந்து போகும், எது எங்கே போய் நிற்கும் என்று சுட்டவருக்கே தெரியாது. புதருக்கு அந்தப் பக்கம் இன்னொரு காவல்காரர் இருக்கலாம்.

"தோட்டா கீழே விழுந்தா வெடிக்குமா?" பொதுவாக வெடிக்காது, கேப்பின் நடுவில் கூர்மையான அடி விழ வேண்டும். தீயில் போட்டால் வெடிக்கும், ஆனால் குழல் இல்லாததால் குண்டு பாய்வதைவிடப் பித்தளைச் சில்லுகள் தெறிப்பதுதான் ஆபத்து. கண் போகும். இரண்டையும் யாரும் டெஸ்ட் பண்ண வேண்டாம்.

சட்டம் சுருக்கமாக: 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம் வரை சிறை. பையில் ஒரே ஒரு தோட்டா ஏர்போர்ட்டில் சிக்கினாலும் கேஸ்தான். தெரிந்தே வைத்திருந்தீர்களா என்று கோர்ட் பார்க்கும், ஆனால் அதற்குள் ஃபிளைட் போயிருக்கும். பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டில் இருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம், 1 முதல் 3 கி.மீ.க்குள் பிடித்துக் காட்டில் விடலாம், 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. விவசாயி தானே சுட எங்கேயும் அனுமதி இல்லை. சுற்றிலும் காப்புக்காடு உள்ள ஜவ்வாது மலையின் பல ஊர்களுக்கு இந்த 3 கி.மீ. கணக்கால் பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து. அங்கே வேலியும் உரிய நேரத்தில் கிடைக்கும் பயிர் இழப்பீடும்தான் துப்பாக்கிக்கு உண்மையான மாற்று.

மலையில் உங்களுக்குத் தெரிந்த வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று சாத்தி வைத்திருந்தால், அதை நிரப்பியதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்துப் பார்க்காதீர்கள், கம்பியை விட்டுக் கிளறாதீர்கள், ஸ்டேஷனுக்குக் கொடுக்கிறேன் என்று பஸ்ஸில் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். ஊர்ப் பெரியவரையோ ஊராட்சித் தலைவரையோ கூட வைத்துக்கொண்டு போலீஸுக்குச் சொல்லி, அவர்களையே வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் மலை ஊர்களில் அவ்வப்போது அறிவிப்பது உண்டு. அந்த அறிவிப்பு இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதை அதே போனில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.