வறண்ட ஓடையில் வெள்ளம்: ஃபால்லிங் வாட்டர்ஸ் போகிறவர்கள் கவனத்துக்கு

(மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை)

மெமோரியல் டே விடுமுறை நெருங்குகிறது. பாஸ்டன் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஃபிராங்கோனியா ரிட்ஜ் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. நீல வானம், கல்முகடு, அதன்மேல் வரிசையாக நடக்கும் மனிதர்கள். படங்கள் எல்லாம் செப்டம்பரில் எடுத்தவை. நீங்கள் போகப்போவது மே மாதத்தில். அதே பாதைதானே என்று கிளம்பிவிடாதீர்கள்.

பாதையின் கணக்கு இது. நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிராங்கோனியா நாட்ச் கணவாயில் லஃபயெட் பிளேஸ் என்ற இடத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிற சுற்று. மொத்தம் 8.9 மைல், ஏற்றம் சுமார் 3,900 அடி. ஃபால்லிங் வாட்டர்ஸ் தடத்தில் 3.2 மைல் ஏறினால் லிட்டில் ஹேஸ்டாக் உச்சி. அங்கிருந்து மரமே இல்லாத முகட்டில் 1.7 மைல் நடந்து, லிங்கன் உச்சியைக் கடந்து லஃபயெட் சிகரம். பிறகு கிரீன்லீஃப் விடுதி வழியாக ஓல்டு பிரைடில் பாத் பிடித்து நாலு மைல் இறக்கம். எழுதிப் பார்த்தால் நாலு வரிதான். நன்றாக நடக்கிறவர்களுக்கே ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும்.

இந்தச் சுற்றை இரண்டு பக்கமாகவும் நடக்கலாம். வெயில் காலத்தில் எந்தப் பக்கம் என்பது அவரவர் விருப்பம். இப்போது அப்படியில்லை. அருவிப் பக்கமாகவே ஏறுங்கள், பிரைடில் பாத் வழியாக இறங்குங்கள். இந்த அறிவிப்பில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

காரணம், ஓடை. கிளம்பி முக்கால் மைல் போவதற்குள் ட்ரை புரூக் குறுக்கே வரும். 'வறண்ட ஓடை' என்று இதற்கு யார் பெயர் வைத்தார்களோ, அவர்கள் நிச்சயம் ஆகஸ்டில்தான் வந்திருப்பார்கள். மே மாதத்தில் மேலே மூவாயிரம் அடிக்கு மேல் தங்கிய பனி உருகி, அத்தனையும் இதில்தான் இறங்குகிறது. அதற்கு முன்னால் வருகிற வாக்கர் புரூக்குக்குப் பாலம் உண்டு. ட்ரை புரூக்குக்குக் கிடையாது, கல் மேல் கால் வைத்துத்தான் தாண்ட வேண்டும். ஒரு முறை தாண்டினால் வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஸ்விஃப்ட்வாட்டர் அருவியின் அடியில் மறுபடி குறுக்கே வரும்.

பனி உருகுகிற ஓடைக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. இரவுக் குளிரில் உருகல் குறையும், விடியற்காலையில் தண்ணீர் அடங்கி ஓடும். பகல் வெயில் ஏற ஏற மேலே உருகி, சாயங்காலம் கீழே பெருகும். அருவிப் பக்கம் ஏறுகிறவர் காலை ஆறரை மணிக்குப் புதுக் காலோடு ஓடைக்கரையில் நிற்பார். தாண்ட முடியாது என்று தெரிந்தால் இருபது நிமிடத்தில் காருக்குத் திரும்பிவிடலாம். எதிர்ப்பக்கமாக வருகிறவர் எட்டு மைல் நடந்து, முழங்கால் கெஞ்சுகிற நேரத்தில், ஓடை பெருகிய சாயங்காலத்தில் அதே கரையில் நிற்பார். காரோ அக்கரையில் இருக்கும். தாண்ட முடியாவிட்டால் மறுபடி மலையையே ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். அந்த நிலையில் யாருமே 'திரும்பிப் போகலாம்' என்று முடிவெடுக்க மாட்டார்கள். இறங்கித்தான் பார்ப்பார்கள். ஈரப் பாறையில் செங்குத்தாக இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்பது தனி.

முந்தைய நாள் மழை பெய்திருந்தால் இந்தக் காலைக் கணக்கும் செல்லாது. ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

கரையில் நின்றதும் உடனே கால் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். பாதி முங்கிய ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறுகிறதா, அப்படியே இருக்கிறதா என்று தெரியும். வழக்கமாக இந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கலங்கி, சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தால் ஏறுகிறது என்று அர்த்தம். அடியில் கல் உருண்டு 'கடக் கடக்' என்று கேட்டால் அப்படியே திரும்பி நடங்கள். வேகமான தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளுகிற விசை நாலு மடங்காகும்.

இடுக்கான இடம் பார்க்கத்தான் சுலபம். அங்கேதான் ஆழமும் இழுப்பும் அதிகம். ஓடை அகன்று, பரவி, சலசலவென்று ஓடுகிற இடமே நல்லது. அருவி விளிம்புக்கு மேல்புறமும், விழுந்த மரம் குறுக்கே கிடக்கிற இடத்துக்கு மேல்புறமும் வேண்டவே வேண்டாம். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை முக்கிவிடாமல் உதறிவிடலாம். நீரோட்டம் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி, கைத்தடியை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். காலணி காலிலேயே இருக்கட்டும், காலுறையை மட்டும் கழற்றிப் பைக்குள் வையுங்கள். வெறுங்காலோடு இறங்கினால் அந்தக் குளிரில் ஒரு நிமிடத்தில் பாதம் மரத்து, எதன் மேல் நிற்கிறோம் என்றே தெரியாது. இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வது சினிமாவோடு சரி. கயிறு எங்கேயாவது சிக்கினால் தண்ணீர் ஆளை அழுத்தி வைத்துவிடும்.

எல்லாம் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு இதே ஓடையில் என் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு நின்றேன். நாங்கள் அம்பாசமுத்திரத்துக்காரர்கள், ஆற்றிலேயே வளர்ந்தோம் என்ற மிதப்பு இரண்டு பேருக்கும். "அஞ்சடிதான் அத்தான், ஒரே தாவுல போயிரலாம்" என்றான். "மாப்ள, அந்தக் கல்லப் பாரு, கருப்பா மினுங்குது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தாவிவிட்டான். பச்சையாக, கொழகொழவென்று இருந்தால்தான் பாசி என்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே கல்லில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு கருப்புப் படலம்தான் இருக்கும், அது பாசியைவிட மோசம். இடுப்பு வரை உள்ளே போய், ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு நின்றான். இழுத்துப் போட்டேன். அடி எதுவும் இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் அவனால் ஜாக்கெட் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை; விரல் அதன் பற்களைத் தொட்டுத் தொட்டு வழுக்குகிறது. நான்தான் பிள்ளைக்குப் போடுவதுபோல் இழுத்துவிட்டேன். காரில் ஹீட்டரை முழுதாக வைத்து, எலுமிச்சஞ்சாத டப்பாவைத் திறந்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை. தாமிரபரணி நம்மைக் குளிரில் கொல்லாது. இந்தத் தண்ணீர் சற்று முன்புவரை பனிக்கட்டியாக இருந்தது.

அதே காரணத்துக்காக, அருவியைக் கண்டதும் குற்றால ஞாபகம் வந்து சட்டையைக் கழற்ற வேண்டாம். ஸ்டேர்ஸ், ஸ்விஃப்ட்வாட்டர், கிளவுட்லேண்ட் என்று மூன்று அருவிகள். கடைசியது 80 அடி, இந்த மாதத்தில்தான் உண்மையிலேயே கம்பீரமாக விழும். நின்று பாருங்கள், படம் எடுங்கள். அடியில் போய்த் தலையைக் கொடுக்காதீர்கள்.

இந்தக் கணவாயில் ஜூன் மழை என்ன செய்யும் என்பதற்குப் பழைய கதை ஒன்று. சில மைல் தெற்கே ஃப்ளூம் என்ற குறுகிய பாறைப் பிளவு இருக்கிறது. அதன் இரண்டு சுவர்களுக்கும் நடுவே முட்டை வடிவப் பாறை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. 1883 ஜூனில் பெய்த பெருமழையில் மண் சரிந்து அதை அடித்துக்கொண்டு போனது. பாறை எங்கே போனது என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஓடையைத் தாண்டிவிட்டால் அடுத்தது பனி. கீழே டி-ஷர்ட் போடுகிற வெயில் இருக்கும். மேலே மர நிழலில், குளிர்காலமெல்லாம் ஆட்கள் மிதித்து இறுகிய பனி பாதை நடுவே ஒரு வரப்பு மாதிரி கிடக்கும். இதை இங்கே மோனோரயில் என்பார்கள். வரப்பிலிருந்து கால் விலகினால் தொடை வரை புதையும். மே முடியும்வரை, காலணியில் மாட்டுகிற மைக்ரோஸ்பைக் பையில் இருக்கட்டும். முகட்டில் காற்றுக்கு மறைப்பே கிடையாது. மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம் உயர்ந்த சிகரங்களுக்கென்றே தனி முன்னறிவிப்பு தருகிறது. கீழ் ஊரின் வானிலையை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். இடி என்று இருந்தால் முகட்டுக்குப் போகவே வேண்டாம். மேலே கற்களை அடுக்கி வழி குறித்திருப்பார்கள், அதற்குள்ளேயே நடங்கள். வெளியே பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கிற செடிகள் இந்த வாரங்களில்தான் வெள்ளைப் பொட்டுகளாகப் பூக்கின்றன. ஒரு மிதி தாங்காது.

ஓடை விடவில்லை என்றால் நாள் வீணாகிவிடாது. பிரைடில் பாத் வழியாகவே 2.9 மைல் ஏறி விடுதிவரை போய்விட்டு அதே வழியில் திரும்பலாம். அதில் பெரிய ஓடை கிடையாது. பாதியில் பாறை மேடைகள் வரும், அங்கிருந்தே முகடு முழுவதும் தெரியும். என்னைக் கேட்டால் மே மாதத்துக்கு இதுவே போதும். விடுதியில் சமையல், படுக்கை எப்போது தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். அதை நம்பி வெறும் பையோடு ஏறாதீர்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும் காலம் இது. அவர்களை இந்தச் சுற்றுக்குக் கூட்டிப்போக வேண்டாம். சொன்னேனே, அந்த ஃப்ளூம், அங்கே மரப்பலகை நடைபாதை உண்டு, கைப்பிடியும் உண்டு. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 1808-இல் அதைக் கண்டுபிடித்தது மீன்பிடிக்கப் போன 93 வயதுப் பாட்டி என்று சொல்வார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், உற்சாகமாக நடப்பார். படி ஏற முடியாது என்றால் பேசின் என்ற இடம். தண்ணீர் சுழன்று சுழன்று குடைந்த பெரிய கல்தொட்டி, காரிலிருந்து சிறிது தூரம்தான்.

நிறுத்துமிடம் விடுமுறை நாட்களில் அதிகாலையிலேயே நிரம்பிவிடும். பார்க்வே நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தத் தடை, காரை இழுத்துப்போய்விடுவார்கள். கருப்பு ஈயும் இப்போதுதான். அன்னையர் தினம் தொடங்கி தந்தையர் தினம் வரை என்பது உள்ளூர்க் கணக்கு. முழுக்கைச் சட்டை, தலைவலை.

நியூ ஹாம்ப்ஷயரில் உங்கள் அலட்சியத்தால் மீட்புக் குழு வர நேர்ந்தால் செலவை உங்களிடமே கேட்கச் சட்டம் இருக்கிறது. அந்தச் செலவிலிருந்து காக்கிற ஹைக் சேஃப் அட்டை தனி நபருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. அந்தப் பணம் மீட்புப் பணிக்குப் போகிறது. வாங்கி வைப்பது நல்லது. வேண்டுமென்றே விபரீதமாக நடந்துகொண்டால் அதுவும் காப்பாற்றாது.

கணவாயில் போன் சிக்னல் வரும், போகும். காரை விட்டு இறங்குவதற்கு முன் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: எந்த வழியாக ஏறுகிறோம், எந்த வழியாக இறங்குகிறோம், எத்தனை பேர், கார் எண், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் 911-ஐக் கூப்பிட வேண்டும். பாதியில் வழியை மாற்றினால், சிக்னல் கிடைக்கிற முதல் இடத்தில் அதையும் சொல்லிவிடுங்கள்.