கையொப்பமும் தீர்ப்பும்

நுழையும்முன்

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் பணிபுரியும் தமிழர் பலர், ஊதியம் வந்ததும் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்புகின்றனர். சிற்றூரில் வாழும் பாட்டி, அருகிலுள்ள வங்கிக் கிளையில் அதைப் பெற்றுக்கொள்கிறார். இன்று இஃது எளிய செயல். ஆனால், 1969 ஜூனில் இந்தியா முழுவதும் வணிக வங்கிகளுக்கு 8,262 கிளைகளே இருந்தன. அவற்றுள் சிற்றூர்க் கிளைகள் 1,833 மட்டுமே. இந்நிலையை மாற்ற எண்ணிய அரசு ஒரு சட்டம் இயற்றியது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. அரசு தன் பிழையைத் திருத்திக்கொண்டு மீண்டும் சட்டம் இயற்றியது. அந்த வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

அவசரச் சட்டம்

அக்காலத்தில் பெரிய வங்கிகள் பல தனியார் வசம் இருந்தன. வங்கிக் கடனில் பெரும்பகுதி தொழில், வணிக நிறுவனங்களுக்கே சென்றது. உழவர்க்குக் கிடைத்தது மிகச் சிறு பங்கு. ஆகவே, பிரதமர் இந்திரா காந்தியின் அரசு, 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் வைப்புத்தொகை கொண்ட 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்க முடிவு செய்தது. 1907இல் சென்னையில் தொடங்கிய இந்தியன் வங்கியும், 1937இல் மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றுள் அடங்கும்.

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்று மறைந்திருந்தார். துணைத் தலைவர் வி.வி. கிரி அப்பொறுப்பை வகித்து வந்தார். இவர் முன்னர்க் கேரளத்தின் ஆளுநராகவும் இருந்தவர். ஜூலை 19 அன்று அவர் அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

நாடாளுமன்றம் கூடாத காலத்தில் அவசரச் சட்டம் பிறப்பிக்க, அரசமைப்பின் 123ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கிறது. எனினும், அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே இயங்க வேண்டும். நாடாளுமன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரங்களுக்குள் அதை ஏற்காவிடில், அச்சட்டம் செயலிழக்கும். இம்முறை நாடாளுமன்றம் அதனை ஏற்றுச் சட்டமாக்கியது. ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதலும் கிடைத்தது.

தனி ஒருவரின் வழக்கு

வங்கிப் பங்குகள் வைத்திருந்த ஆர்.சி. கூப்பர் என்பவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவருக்காக நானி பல்கிவாலா வாதிட்டார். பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு வழக்கை விசாரித்து, 1970 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பளித்தது. பதின்மர் ஒருபக்கம் நின்றனர்; ஒருவர் மாறுபட்டார். சட்டம் செல்லாது என்பதே தீர்ப்பு.

வங்கிகளை அரசு ஏற்பது நல்லதா, தீயதா என்று நீதிபதிகள் ஆராயவில்லை. அது தம் பணியன்று என்றனர். அத்தகைய சட்டம் இயற்ற நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் உண்டு என்பதையும் ஏற்றனர். அவர்கள் கண்ட குறைகள் இரண்டு. ஏனைய வங்கிகள் தொழில் நடத்தலாம் என்றிருக்க, இந்தப் பதினான்கிற்கு மட்டும் தடை விதித்தது பாகுபாடு. நற்பெயர் போன்ற மதிப்புகளை விட்டுவிட்டு இழப்பீட்டைக் கணக்கிட்டது முறையன்று.

அரசு தீர்ப்பை மீறவில்லை. நான்கே நாளில், பிப்ரவரி 14 அன்று, குறைகளைக் களைந்த புதிய அவசரச் சட்டம் வந்தது. பின்னர் நாடாளுமன்றமும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. வங்கிகள் நாட்டுடைமையாகவே நீடித்தன. 1990இல் நாட்டின் வங்கிக் கிளைகள் ஏறத்தாழ 60,000 ஆயின.

அமெரிக்காவில் நிகழ்ந்தது

இதனை ஒத்த கேள்வி, 17 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் எழுந்தது. கொரியப் போர் நடந்த 1952இல், எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யவிருந்தனர். படைக்கருவிகளுக்கு எஃகு தடைப்படும் என அஞ்சிய அதிபர் ட்ரூமன், ஏப்ரல் 8 அன்று ஆலைகளை அரசு ஏற்க ஆணையிட்டார். ஜூன் 2 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அவ்வாணை செல்லாது என்றது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ் எனப்படும் மக்களவைகளின் பணி; அதிபர் தம் ஆணையால் அதைச் செய்ய இயலாது என்பது காரணம். ட்ரூமன் ஆலைகளைத் திருப்பி அளித்தார்.

இரு நாட்டு முறைகளுக்கும் வேறுபாடு உண்டு. அமெரிக்க அதிபரே அரசின் தலைவர். நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். இங்கே ஆட்சி நடத்துவது பிரதமரும் அமைச்சரவையும். அங்கே கூட்டாட்சி நீதிபதிகளை அதிபர் முன்மொழிய, செனட் அவை ஒப்புதல் அளிக்கும். அவர்களுக்கு ஓய்வு வயது இல்லை. இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 65 வயதில் ஓய்வு பெறுகின்றனர்.

இறுதிச் சொல் யாருடையது?

கூப்பர் வழக்கிற்குப் பின், 1971இல் நாடாளுமன்றம் அரசமைப்பையே திருத்தி இழப்பீட்டு விதியை மாற்றியது. அத்திருத்தம், கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்துக் காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில் ஆராயப்பட்டது. அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று 1973 ஏப்ரல் 24 அன்று ஏழு நீதிபதிகள் கூறினர், அறுவர் உடன்படவில்லை.

அரசு நல்ல நோக்கம் உடையதாக இருக்கலாம். அந்நோக்கம் மட்டும் போதாது. அதை அடையும் வழியும் சட்டத்திற்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். கொள்கையின் நன்மை தீமையை மக்கள் வாக்கால் முடிவு செய்வர். வழியின் நேர்மையை நீதிமன்றம் கேட்கும். நாட்டின் மிக உயர்ந்த கையொப்பத்தையும் குடிமகன் ஒருவர் கேள்வி கேட்க முடிந்தது. அதுவே குடியாட்சியின் வலிமை.

அருஞ்சொற்பொருள்

நாட்டுடைமை – அரசின் உடைமை
அமர்வு – வழக்கை ஒன்றாக விசாரிக்கும் நீதிபதிகள் குழு
இழப்பீடு – இழந்ததற்கு ஈடாக அளிக்கும் தொகை
பாகுபாடு – ஒத்தவர்களை வேறுபடுத்தி நடத்துதல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: கையொப்பம், கூட்டாட்சி, நாட்டுடைமை.
2. உச்ச நீதிமன்றம் 1970இல் சுட்டிய இரு குறைகள் யாவை?
3. ட்ரூமனின் ஆணை ஏன் செல்லாது எனப்பட்டது?
4. நாடாளுமன்றம் கூட இரண்டு நாள்களே இருக்கையில் அவசரச் சட்டம் பிறப்பித்தது பொருத்தமா? இரு தரப்பாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக.
5. உம் பெற்றோர் கணக்கு வைத்துள்ள வங்கி 14 வங்கிகளுள் ஒன்றா எனக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.