எடை பார்க்கும் முன் முகம் பாருங்கள்

பால்வாடி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, தாம்பரத்தைச் சுற்றி, பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர்ப் பக்கம் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எடை பார்க்க, உயரம் அளக்க, சத்துமாவுக் கணக்கு எழுத, போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதெல்லாம் வேண்டும். 1980இல் மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம்தான் மாதாமாதம் குழந்தையை எடை போடும் பழக்கத்தை நம் மாநிலத்தில் ஊன்றியது. ஆனாலும் கைக்குழந்தையின் மனம் தராசில் தெரியாது. மையத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் இருக்கிறது. நான் பெரும்பாலும் சொல்லப்போவது இன்னும் மையத்துக்கு வராத, வீட்டில் தூளியில் கிடக்கும் குழந்தைகளைப் பற்றி.

1. குழந்தையைப் பார்க்கப் போனால், அதைத் தூக்கி வைத்திருப்பவளை முதலில் பாருங்கள்.

பிள்ளை பெற்ற பெண் ஒன்றிரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது உண்டு, தானாகச் சரியாகிவிடும். அதற்குமேல் நீடித்தால் கவனியுங்கள். மனம் சோர்ந்திருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். தலைவலி என்பாள், பால் ஊறவில்லை என்பாள், உடம்பெல்லாம் அசதி என்பாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து எல்லாம் செய்வாள். அதன் முகத்தைப் பார்த்துப் பேச மட்டும் மாட்டாள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நம் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிரசவமான சில வாரங்களில் நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வருமானம் குறைந்த வீடு, பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்த வீடு, மாமியாரோடோ பெற்றவர்களோடோ ஒத்துப்போகாத வீடு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாத வீடு, இங்கெல்லாம் அது கூடுதலாக இருந்தது. உங்கள் பகுதியில் இந்த நான்கில் ஒன்றாவது இல்லாத வீடு எத்தனை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் “நல்லா இருக்கேன் டீச்சர்” என்பதுதான் பதில். ஆயாவும் மாமியாரும் குழந்தையை எடை போடட்டும். நீங்கள் அவளோடு அடுப்படியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். “சாப்பிட்டியா கண்ணு? பாப்பா தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?” இந்த இரண்டு கேள்வி போதும், மீதியை அவளே சொல்வாள். குறுக்கே பேசாதீர்கள். “எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் அவள் வாய் மூடிக்கொள்ளும்.

செத்துவிடலாம் போலிருக்கிறது, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, காதில் யாரோ பேசுகிறார்கள், இவற்றில் எதைச் சொன்னாலும் அவளைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அவசரம் என்றால் 108. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

தாயின் முகம் குழந்தைக்கு எவ்வளவு தேவை என்று 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதித்துக் காட்டினார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் இரண்டு மூன்று நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டு நிமிடத்துக்கே அப்படி என்றால் மாதக்கணக்கில் என்னவாகும்? அந்தத் தாய் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவளுக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு நோய் வந்திருக்கிறது. அவளுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் குழந்தைக்கும் வைத்தியம்.

2. பேசச் சொல்லுங்கள், பாடச் சொல்லுங்கள்.

“அதுக்கு என்ன புரியும்?” என்று கேட்பார்கள். குழந்தை “ங்கா” என்றால் பதிலுக்கு “ங்கா” சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அது மறுபடி சொல்லும். இந்தப் போக்குவரத்தில்தான் பேச்சு வளர்கிறது. கைவீசும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரல் விரலாகச் சோறு ஊட்டும் விளையாட்டு, எல்லாம் நம் வீடுகளில் இருந்தவைதான். தனிக்குடித்தனத்தில் பாட்டி இல்லாததால் பாட்டும் போய்விட்டது. நீங்கள் போகும்போது ஒன்றைப் பாடிக் காட்டிவிட்டு வாருங்கள்.

பொம்மை வாங்கக் காசில்லை என்றால் கரண்டி, கொட்டாங்கச்சி, மூடி போட்ட டப்பாவில் நாலு புளியங்கொட்டை போதும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், கொட்டை தொண்டையில் சிக்கும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980களில் உங்களைப் போன்ற பணியாளர்கள் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டு போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்துத் தாய்மாருக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் அப்படி விளையாட்டுக் கிடைக்காத பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். செய்தவர்கள் டாக்டர்கள் இல்லை, உங்கள் படிப்புள்ளவர்கள். இதை நினைவில் வையுங்கள்.

3. வளர்ச்சிப் படிகளை மனப்பாடம் செய்யுங்கள்.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதைப் பருவமாக வகுத்துவைத்தார்கள். ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலை தூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டையொட்டித் தளர்நடை போட்டு வரும் வருகை, ஒன்றரை வயதில் நிலாவைக் காட்டி அழைக்கும் அம்புலி. அம்புலியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அம்மா விரல் நீட்டும் திசையில் குழந்தை பார்க்க வேண்டும், தானும் விரல் நீட்ட வேண்டும். இன்று ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கும்போது டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதத்தில் தலை நிற்கவில்லை, ஆறு மாதத்தில் சத்தம் கேட்டுத் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, ஒரு சொல்லும் இல்லை என்றால் அனுப்பிவிடுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே. குறைமாதக் குழந்தைக்கு, எத்தனை மாதம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

“அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்பார்கள். வாதாடாதீர்கள். “சரிம்மா, காது நல்லா கேக்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்துடலாம்” என்று சொல்லுங்கள், காதைப் பார்க்க யாரும் மறுப்பதில்லை. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு காக்ளியர் இம்பிளான்ட் அறுவை முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு, வயது ஏற ஏறப் பலன் குறையும். அனுப்புவதற்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. கேளம்பாக்கம் வழியாகப் போகலாம். முதல் தடவை முடிந்தால் கூடவே போங்கள். தனியாக அனுப்பினால் பலர் பாதியில் திரும்பிவிடுவார்கள்.

4. செல்போனைப் பிடுங்காதீர்கள், மாற்று கொடுங்கள்.

ஒரு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டு வயதுவரையிலும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆனால் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் ஆறாவது மாடி ஒற்றை அறையில் தனியாகச் சமைப்பவளிடம் இதை மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமில்லை. அடுப்புக்கு எட்டாத மூலையில் பாயை விரித்து, இரண்டு பாத்திரத்தைக் கொடுத்து, அவள் குரல் கேட்கும் தூரத்தில் குழந்தையை உட்காரவைத்துக் காட்டுங்கள்.

5. பெரியவர்களோடு சண்டை வேண்டாம், ஆனால் சிலவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எண்ணெய் தேய்த்து மெல்லப் பிடித்துவிடுவது குழந்தைக்கு நல்லது, பாட்டிக்கும் சந்தோஷம். மூக்கிலும் காதிலும் ஊதுவது, எண்ணெய் விடுவது, தொக்கம் எடுப்பது, உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டுவது, தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, எதுவும் கூடாது. உலுக்கினால் பிஞ்சு மூளையில் ரத்தக் குழாய் அறுந்துபோகும். சாம்பிராணிப் புகையைக் குழந்தை முகத்தில் காட்ட வேண்டாம்.

6. வேலைக்குப் போகும் தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் முதல் ஷிப்டுக்கு ஓடும் பெண்கள் உங்கள் பகுதியில் நிறைய இருப்பார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அடிக்கடி மாறக்கூடாது, அதுதான் முக்கியம். பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ, ஒரே ஆளாக இருக்கட்டும். பெரிய பெண்ணின் பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவளிடம் விட்டால் பேசித் தடுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டமே வந்தது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். பலருக்கு இது தெரியாது, சொல்லுங்கள்.

எட்டு ஒன்பது மாதத்தில் அம்மா நகர்ந்தால் குழந்தை அழும். செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டது என்பார்கள். அம்மா யார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான், நல்ல அறிகுறி. சொல்லாமல் நழுவிப் போகச் சொல்லாதீர்கள். “போயிட்டு சாயந்திரம் வரேன்” என்று சொல்லிவிட்டே போகட்டும். இரண்டு வயதில் உங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைக்கும் இதே. முதல் சில நாள் அம்மா உள்ளே உட்காரட்டும். கதவைச் சாத்திக்கொண்டு அழவிட்டால் அழுகை நிற்கும், பயம் நிற்காது.

7. கட்டுமான இடங்களையும் உங்கள் பகுதியாகக் கணக்கிடுங்கள்.

மேடவாக்கம், வண்டலூர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் இருக்கும் ஒடியா, பிகார்க் குழந்தைகளும் நம் குழந்தைகள்தான். தாயிடம் அவள் மொழியிலேயே குழந்தையோடு பேசச் சொல்லுங்கள். தெரியாத தமிழில் அவள் திணற வேண்டியதில்லை.

8. வெள்ளம் வந்தால் கைக்குழந்தைகளை மறக்காதீர்கள்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் வந்துவிட்டது. அந்த மாதிரி நாட்களில் முகாமில் பால் பவுடரும் பிஸ்கட்டும் வந்து குவியும். பயத்தில் பால் வற்றிவிட்டது என்று தாய்மார் நினைப்பார்கள். வற்றாது, சுரந்து வெளியே வரத்தான் தாமதமாகும். புடவையால் ஒரு மூலையை மறைத்து, அமைதியாக உட்காரவைத்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குடும்பத்தைப் பிரித்துப் படுக்கவைக்கவும் வேண்டாம். வீடு திரும்பிய பிறகு குழந்தை ராத்திரியில் வீரிட்டு எழும், இடுப்பை விட்டு இறங்காது, விட்ட பழக்கம் திரும்ப வரும். அடிக்காமல், பழைய நேரத்துக்கே குளியலும் சோறும் தூக்கமும் கொடுத்தால் பெரும்பாலும் சில வாரத்தில் தணியும். தணியாவிட்டால் அனுப்புங்கள்.

9. அப்பாக்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போங்கள்.

குழந்தையைக் கையில் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். வெட்கப்படுவார்கள், பிறகு விடமாட்டார்கள். ராத்திரி ஒரு வேளை அவர் தூக்கினால், முதலில் சொன்னேனே அந்தத் தாய்க்கு மூன்று மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

10. போஷன் டிராக்கரில் இடமில்லாததற்குத் தனியாக ஒரு நோட்டு வையுங்கள்.

யார் சிரிக்கவில்லை, யார் சாப்பிடவில்லை, எந்த வீட்டுக்கு அடுத்த வாரம் திரும்பப் போக வேண்டும் என்று இரண்டு வரி. பெயர் எழுத வேண்டாம், உங்களுக்குப் புரிகிற குறி போதும். ஒரு பெண் அடுப்படியில் சொன்னது தெருக் குழாயடிக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆயாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நோட்டு மைய அலமாரியில் இருக்க வேண்டாம், உங்கள் பையிலேயே இருக்கட்டும்.