மெதுவாகக் குறையும் நிறை

அன்பின் தம்பிக்கு,

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நிறை குறைக்கும் எந்த வழியும் இந்தக் கணக்குக்குள் வந்துதான் ஆகவேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேல் நிற்கும் பழைய கல்லடிப் பாலம் 290 மீற்றர் அளவு நீளம். அதில் எட்டி நடந்து ஐந்து தடவை போய்த் திரும்பினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அரை மணித்தியாலம் பிடிக்கும். 70 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு அதில் செலவாவது 150 கலோரி அளவுதான். சாப்பாட்டை மாற்றாமல் நாள் தவறாது நடந்தால் ஒரு கிலோ குறைய ஐம்பது நாள் செல்லும்.

சலிப்பூட்டும் கணக்கு இது. ஆனால் நாளுக்கு நாலு தேத்தண்ணி குடிப்பவர், கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனியை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட அதே அளவு கலோரி மிச்சம். ஐம்பது நாள் பாதியாகும். இராப் புட்டில் ஒரு பிடியும் தேங்காய்ப்பூவும் குறைந்தால் இன்னும் விரைவு. கிழமைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை என்பதே மருத்துவர்கள் பொதுவாக ஏற்கும் வேகம்.

பட்டினி கிடந்து முதற் கிழமையில் மூன்று கிலோ இறக்குபவர் இழப்பதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோசன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது நீரும் போகிறது, சோறு திரும்பியதும் நீரும் திரும்புகிறது. பட்டினி நீண்டால் தசையும் கரையும்; உடலும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். பித்தப்பைக் கல்லும் வரலாம்.

உடற்பயிற்சி தனியே நிறையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அதன் உண்மையான பலன், தசையைக் காப்பதும் குறைந்த நிறை ஏறாமல் பிடித்து வைப்பதும். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது அதைக் காத்தவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணித்தியாலம் அளவு உடலை அசைப்பவர்கள். வளர்ந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும். வாவியில் வீச்சுவலை எறிபவருக்கு இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மேசையில் இருந்து படிப்பவர் குந்தி எழும்பலாம், தண்டால் எடுக்கலாம்.

வளரும் வயதினருக்குக் கணக்கு வேறு. உயரம் கூடிக்கொண்டிருக்கையில் நிறை ஏறாமல் நிற்பதே பலருக்குப் போதும். குறைப்பதானால் வைத்தியரைக் கேட்டபின்.

கச்சான் வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில் ஓடுவது வீண் வேலை. விடியலோ பின்னேரமோ ஏற்றது. மாரியில் ஒழுங்கை வெள்ளமானால் விறாந்தையில் குந்தி எழும்பினாலும் பழக்கம் அறாது. தராசில் கிழமைக்கு ஒரு காலை ஏறினால் போதும்; உப்பும் தண்ணீரும் நாளுக்கு நாள் ஒரு கிலோ வரை ஏற்றி இறக்கும். இடுப்பளவு அப்படித் துள்ளாது. தெற்காசியருக்கு வயிற்றுக் கொழுப்பு எளிதில் சேர்வதால், வளர்ந்த ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லையாக வைக்கப்பட்டுள்ளது.

அன்புடன்,
அண்ணன்