இதய மாத்திரையும் தைராய்டும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது அதைச் சீராக்கக் கொடுக்கும் மருந்துகளில் வலிமையானது அமியோடரோன். 1961இல் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காக உருவாக்கப்பட்ட இந்த மருந்து, பிறகு துடிப்பைச் சீராக்கும் ஆற்றலால் பெயர்பெற்றது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத துடிப்பைக்கூட இது அடக்கிவிடும். ஆனால், இதைச் சாப்பிடுபவர்களில் சிலருக்குத் தைராய்டு பாதிக்கப்படுகிறது. அப்போது நோயாளிகளும் வீட்டாரும் நம்புகிற சில விஷயங்களைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: இதய மாத்திரைக்கும் கழுத்திலுள்ள சுரப்பிக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மை: சம்பந்தம் அயோடினில் இருக்கிறது. அமியோடரோனின் எடையில் சுமார் 37 சதவீதம் அயோடின்தான். தினமும் 200 மி.கி. மாத்திரை ஒன்றைச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் ஏறக்குறைய 6 மி.கி. அயோடின் தனியாகப் பிரிந்து கலக்கிறது. உடலுக்குத் தேவையோ ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். அதாவது, தேவையைப்போல் 40 மடங்கு. துடிப்புக்கான எல்லா மருந்துகளும் இப்படியல்ல. மெட்டோப்ரோலால், சோடலால், ஃப்ளெகைனைடு ஆகியவற்றில் அயோடின் இல்லை.

நம்பிக்கை: அயோடின் கூடினால் தைராய்டும் கூடத்தான் செய்யும்.

உண்மை: கூடலாம், குறையவும் செய்யலாம். அயோடின் அளவுமீறி வரும்போது சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளும். ஆரோக்கியமான சுரப்பி சில நாட்களில் மீண்டுவிடும். ஏற்கெனவே தைராய்டு எதிர்ப்பணுக்கள் உள்ளவர்களின் சுரப்பி பல நேரம் மீள்வதில்லை. அவர்களுக்குத் தைராய்டு குறைகிறது. கழலை உள்ளவர்களுக்கோ வந்து குவியும் அயோடினால் ஹார்மோன் அளவுக்கதிகமாகச் சுரக்கலாம். இன்னொரு வகையில், மருந்தே சுரப்பியின் செல்களைச் சிதைப்பதால் சேமிப்பிலுள்ள ஹார்மோன் ரத்தத்தில் கொட்டிவிடுகிறது. முதல் வகைக்குக் கார்பிமசோல் போன்ற மருந்து, இரண்டாவதற்கு ஸ்டீராய்டு. எது என்று பிரித்தறிவது முக்கியம். சிலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

நம்பிக்கை: அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறினால் போதும்.

உண்மை: ஒரு நாளைக்கு 10 கிராம் அயோடின் உப்பு சாப்பிட்டாலும் அதிலிருந்து கிடைப்பது 150 முதல் 300 மைக்ரோகிராம் வரைதான். மாத்திரையிலிருந்து வருவது 6,000 மைக்ரோகிராம். உப்பை மாற்றுவதால் இந்தக் கணக்கில் எதுவும் மாறாது. இதய நோயாளி உப்பைக் குறைப்பது நல்லதுதான். அதற்குக் காரணம் வேறு.

நம்பிக்கை: மாத்திரை தொடங்கிய மறுமாதமே டி.எஸ்.எச். கூடிவிட்டது, தைராய்டு நோய் வந்துவிட்டது.

உண்மை: டி4 ஹார்மோன் டி3யாக மாறுவதை அமியோடரோன் தடுக்கிறது. அதனால் முதல் மூன்று மாதங்களில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். சற்றே உயர்வதும், டி4 கூடி டி3 குறைவதும் எதிர்பார்க்கக்கூடியவையே. பெரும்பாலும் பிறகு டி.எஸ்.எச். தானாக இறங்கிவிடும். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு சிகிச்சை தொடங்கத் தேவையில்லை.

நம்பிக்கை: படபடப்பும் கைநடுக்கமும் இல்லையே, தைராய்டு கூடியிருக்காது.

உண்மை: அந்த அறிகுறிகளை மருந்தே மறைத்துவிடும். காரணமில்லாமல் எடை குறைவது, அடங்கியிருந்த துடிப்புக் கோளாறு திரும்புவது, மூச்சு வாங்குவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு, மருந்தளவை மாற்றாமலே ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எகிறுவதும் ஒரு தடயம். தைராய்டு குறைந்தால் வரும் அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை போன்றவற்றை 'வயசாகிவிட்டது' என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அதிலும் ஏமாந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: மாத்திரையை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: அமியோடரோன் கொழுப்பில் தங்கிவிடும். அதில் பாதி வெளியேறவே பொதுவாக ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் தைராய்டு கோளாறு தலைகாட்டலாம். மறுபக்கம், திடீரென நிறுத்துவதால் பழைய துடிப்புக் கோளாறு திரும்பி உயிருக்கே ஆபத்தாகலாம். தைராய்டு குறைந்தவர்கள் லெவோதைராக்ஸின் எடுத்துக்கொண்டே அமியோடரோனைத் தொடரலாம். கூடியிருந்தால் தொடர்வதா நிறுத்துவதா என்பதை இதய மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த மருந்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பரிசோதனையைத் தவறவிடுவதுதான் ஆபத்து. மாத்திரை தொடங்கும் முன் ஒரு முறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், நிறுத்திய பின் ஓராண்டு வரையும் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.