85 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்

வரைபடத்தில் நம் மலைக்கிராமம் மறையூர் மேல் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். மேற்கே கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம் ஏறக்குறைய 85 கிலோமீட்டர். வடக்கே கோவை பீளமேடு விமான நிலையமும் ஏறக்குறைய அதே 85 தான். ஆனால் மலை குறுக்கே நிற்கிறது. கொச்சிக்கு மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் என்று சுற்றி இறங்கினால் 150 கிலோமீட்டருக்குக் குறையாது. ஐந்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். கோவைக்கு உடுமலை, பொள்ளாச்சி வழியாகச் சுமார் 120. காரில் மூன்றரை மணி நேரம் போதும்.

சென்னையில் வேலைக்கு நேர்காணல் என்றால் கோவை விமானம்தான் என் சிபாரிசு. கொச்சி காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை என்றால் மூணாறு வழியைத் தவிர்க்க முடியாது. மழைக்காலத்தில் அந்த வழியை நம்பி நேரம் குறிக்காதீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவாரை பாலம் போனபோது மூணாறுக்கும் மறையூருக்கும் இடையே பட்ட பாடு நம் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது.

உடுமலைச் சாலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மறையூர் தாண்டியதும் சின்னார் சரணாலயம், அதைத் தொட்டாற்போல் ஆனைமலைப் புலிகள் காப்பகம். இருட்டிய பிறகு இந்தக் காட்டுவழியில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. செக்போஸ்டில் கம்பத்தை இறக்கி, வண்டி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டுதான் விடுவார்கள். வளைவில் யானை நின்றால் பஸ் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும். அது காட்டுக்குள் ஒதுங்க ஐந்து நிமிடமும் ஆகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். ஹாரன் அடித்து அவசரப்படுத்த வேண்டாம், அது அதன் வழி.

இப்போது கணக்கைப் போடுவோம். காலை ஆறு மணிக்குக் காட்டைத் தாண்டப் புறப்பட்டால் பீளமேடு சேர ஒன்பதரை. செக்-இன் கவுண்டரை விமானம் கிளம்புவதற்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே அடைத்துவிடுவார்கள். ஆகவே பதினொன்றரைக்கு முந்திய விமானத்தை நம்பாதீர்கள். பறப்பது ஒன்றே கால் மணி நேரம். சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுக்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். கிண்டியில் அலுவலகம் என்றால் மெட்ரோவில் சட்டென்று போய்விடலாம். சிறுசேரி என்றால் இன்னும் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஆக, வீட்டு வாசலிலிருந்து சிறுசேரிக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம், அதில் வானத்தில் இருந்தது ஒன்றே கால்! டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர்.

பணம் இடிக்கிறதா? பாலக்காட்டிலிருந்து உடுமலை, பழனி வழியாக சென்னைக்கு இரவு ரயில் இருக்கிறது. படுத்துத் தூங்கிப் போகலாம். நாற்பத்து சொச்சம் கிலோமீட்டர் பஸ்ஸில் இறங்கினால் உடுமலை ஸ்டேஷன்.

நிறுவனத்திடம் பேசவும் கூச்சப்படாதீர்கள். அழைப்பு வந்த அன்றே பதில் எழுதுங்கள்: "நான் மலைக்கிராமத்திலிருந்து வருகிறேன், பயணம் ஒன்பது மணி நேரம், முதல் சுற்றை ஆன்லைனில் வைக்க முடியுமா, நேரில் என்றால் பிற்பகல் நேரம் கிடைக்குமா?" கிலோமீட்டரை எழுதினால் பக்கம்தானே என்பார்கள், மணிக்கணக்கை எழுதினால் புரிந்துகொள்வார்கள். முன்கூட்டிக் கேட்பவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

காலை பத்து மணிக்குத்தான் வர வேண்டும் என்று சொன்னால், தம்பி, தங்கச்சி, முந்தின நாள் மதியமே மலை இறங்கிவிடுங்கள்.