எல்லைக் காவலும் இயந்திர அறிவும்

பிறந்த மண்ணைப் பிரிய எவரும் எளிதில் விழைவதில்லை. போரும் கொடுங்கோன்மையும் துரத்தும்பொழுதே மக்கள் உடைமை இழந்து, நடந்தும் கலமேறியும் பிறநாட்டு எல்லையை அடைகின்றனர். அவ்வாறு வருவார்க்குப் புகலிடம் நாடும் உரிமை உண்டென 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பேரறிக்கை கூறிற்று. உயிருக்கோ சுதந்தரத்திற்கோ ஊறு நேரும் இடத்திற்கு அவரைத் திருப்பி அனுப்பலாகாது என 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை விதித்தது. ஆயினும், வருவோர் யாவரென ஆராய்தல் அரசின் கடமை. எவ்வாறு ஆராய்வது என்பதே வினா.

இப்பணியில் செயற்கை நுண்ணறிவு என்னும் கணிப்பொறி நுட்பம் இந்நாளில் இடம்பெற்று வருகின்றது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 2016 முதல் 2019 வரை, ஏறத்தாழ 45 இலட்சம் யூரோ பொருளுதவி நல்கி, 'ஐ பார்டர் கன்ட்ரோல்' என்னும் ஆய்வுத் திட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் ஆதரித்தது. ஹங்கேரி, கிரீஸ், லாட்வியா ஆகிய நாடுகளில், தாமே முன்வந்தோரைக் கொண்டு அது சோதிக்கப்பட்டது. திரையில் தோன்றும் காவலர் உருவம், பெட்டியில் உள்ளவை யாவை என்பன போன்ற வினாக்களை எழுப்பும். பயணி விடை கூறுங்கால் அவர் முகத்தில் எழும் நுண்ணிய அசைவுகளை அளந்து, அவர் கூற்று மெய்யோ பொய்யோ எனக் கருவி மதிப்பிடும். அம்மதிப்பீடு எல்லைக் காவலரைச் சென்றடையும்.

மாணவர்களே! இதன் இடர்ப்பாட்டைச் சிந்தியுங்கள். பொய்யுரைப்பார் முகம் இவ்வாறுதான் அசையும் என்பதற்கு அறிஞர் ஒருமித்து ஒப்பிய சான்று இல்லை. கொடுமை கண்டு வந்தவர்க்கு அச்சத்தால் முகம் வாடும், நாக் குழறும். அதனைக் கருவி வஞ்சனை எனக் கொண்டால் என் செய்வது? மேலும், கருவிகள் எல்லார் முகத்தையும் ஒருபடித்தாய் அறிவதுமில்லை. முகம் நோக்கி ஆண், பெண் எனப் பிரித்துக் கூறும் மூன்று வணிகக் கருவிகளை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் ஆய்வாளர் இருவர் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். வெண்ணிற ஆடவரிடத்து நூற்றுக்கு ஒன்றினும் குறைவாகப் பிழைத்த அக்கருவிகள், கருநிற மகளிரிடத்து 34.7 விழுக்காடு வரை பிழைத்தன.

மனிதரும் பிழை செய்வர். ஆயின், "எக்காரணம் பற்றி என்னை மறுத்தீர்?" என அவரைக் கேட்கலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம், நீதிமன்றம் செல்லலாம். காரணம் கூறாத கருவியின் முடிவை எதிர்த்து ஏழை அகதி எங்ஙனம் வழக்குரைப்பார்? கேளாது அளித்த தீர்ப்பின் கொடுமையை நம் சிலப்பதிகாரம் காட்டும். பிழைப்பு நாடிப் புகாரினின்று மதுரைக்கு வந்த கோவலன், தன் வழக்கை எடுத்துரைக்க வாய்ப்பின்றியே மாண்டான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இயற்றியது. எல்லையில் பயன்படும் பொய்யறி கருவிகளைப் பேரிடர் விளைக்கத்தக்கவற்றுள் அது சேர்த்தது. அவற்றிற்கு மனிதர் மேற்பார்வை வேண்டும் என்றது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கன்றிப் பள்ளியிலும் பணியிடத்திலும் ஒருவர் உணர்ச்சியை அளக்கும் கருவிகளை அறவே விலக்கிய அச்சட்டம், எல்லையில் அவற்றை விலக்கவில்லை. மாணவர்க்குக் கிடைத்த அக்காப்பு அகதிக்குக் கிடைத்திலது.

கடவுச்சீட்டைச் சரிபார்க்கவும் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கவும் கருவி உதவுக. அடைக்கலம் வேண்டி நிற்பார் சொல்லைக் கேட்டு, காரணங் காட்டி முடிவுரைக்கும் பொறுப்போ மனிதர்க்கே உரியது. அப்பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்தல் முறையாகாது.